சடுகுடு ஆட்டமும் சம்பளக் கணக்கும்

கடையநல்லூர் மந்தையில் பிள்ளைகள் பாடிய சடுகுடு, இன்று ஊதியம் பெறும் தொழிலாகிவிட்டது. புரோ கபடி லீகில் ஓர் அணி தன் வீரர் அனைவருக்கும் வழங்கும் ஊதியத்திற்கு வரம்புண்டு. 2022-இல் அது 4 கோடியே 40 லட்சம் ரூபாய். ஒருவருக்குக் கூட்டினால் மற்றவருக்குக் குறையும். தமிழ் தலைவாஸ் அணியோ பவன் செராவத் ஒருவருக்கே 2 கோடியே 26 லட்சம் தந்தது. பாதிக்கு மேல்! எந்தக் குடும்பத் தலைவரும் துணியாத கணக்கு. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்று, அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. எஞ்சிய பணத்தில் அமர்ந்த இளைஞர்களே அணியைத் தாங்கினர். அவ்வாண்டே அறிமுகமான நரேந்தர் பாடிச் சென்று 200 புள்ளிகளுக்கு மேல் ஈட்டினார். அணியும் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. 2023 ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்துப் பவனை எடுத்தது. அவர் நலமுடன் ஆடினார். அணியோ பட்டியலில் கடைசியாக நின்றது.