மருந்திருந்தும் எட்டாத நோய்

மரபியல் வகுப்பில் 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' பற்றிப் படித்த எனக்கு, நோயினும் அதன் மருந்தின் கதையே நெஞ்சை உறுத்தியது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தையின் நுரையீரலில் கெட்டியான சளி தேங்கி மூச்சைத் திணறடிக்கும். நுரையீரல் நலிவதைத் தாமதப்படுத்தும் 'ஆர்காம்பி' மாத்திரையின் பட்டியல் விலை, இங்கிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,04,000 பவுண்டு! விலைக்கேற்ற பயனில்லை என்று மருந்து மதிப்பீட்டுக் குழு 2016இல் மறுத்தது. கம்பெனிக்கும் அரசு மருத்துவத் துறைக்கும் உடன்பாடு ஏற்பட 2019 அக்டோபர் ஆயிற்று. அவ்வாண்டு சில பெற்றோர் ஒன்றுகூடி, அர்ஜென்டினாவில் மலிவாகத் தயாராகும் அதே மருந்தை வரவழைக்கவும் முனைந்தனர். பேரம் காத்திருக்கலாம், சிதையும் நுரையீரல் காத்திருக்குமா? எட்டாத மருந்தால் நோயாளிக்கு என்ன பயன், நண்பர்களே?