பாட்டிலில் பிடித்த தண்ணீர் சாட்சி சொல்லாது

கோவை, திருப்பூர் பக்கத்து ஓடைப் பள்ளங்களில் நுரை பொங்கினால் நடப்பது ஒன்றுதான். யாராவது கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீரைப் பிடிப்பார், படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தப் பாட்டிலோடு போய் நிற்பார். மனு தாலுகாவுக்குப் போகும், அங்கிருந்து பஞ்சாயத்துக்குப் போகும், ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற ஒரு வரியோடு படுத்துக்கொள்ளும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. அதற்குப் பிறகும் நமக்கு மனு எழுதத் தெரியவில்லை.

முதலில், கண்ணை நம்பாதீர்கள். தெளிந்த நீரிலும் மலக்கிருமி இருக்கலாம். மலையடிவாரத்தில் இலைதழை ஊறிப் பழுப்பேறிய நீர் சுத்தமாகவே இருக்கக்கூடும். டிடிஎஸ் பேனாவை முக்கிவிட்டு ‘நல்ல தண்ணீர்’ என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அந்தப் பேனா காட்டுவது கரைந்த உப்பை மட்டும். சாயக்கழிவுக்கு உதவும், சாக்கடையைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. சாக்கடைக்குப் பார்க்க வேண்டியது கரைந்த ஆக்சிஜன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வகைப்பாட்டின்படி அது லிட்டருக்கு, குளிக்கும் நீரில் 5 மில்லிகிராமுக்கும், மீன் வாழும் நீரில் 4 மில்லிகிராமுக்கும் குறையக் கூடாது. விடியற்காலையில் அளக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் கிருமிகளும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். பிற்பகல் வெயிலில் அதே பாசி ஆக்சிஜனை வெளிவிட்டு அளவைத் தூக்கிவிடும். மீன் செத்து மிதந்த மறுநாள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து அளந்து ‘நார்மல்’ என்று எழுதிப்போகும் அதிகாரிக்கு இது தெரியாதது இல்லை.

ஆனாலும் ஆக்சிஜன் மீட்டர் சொல்வது அந்த நேரத்து நிலையை மட்டும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் அப்படி ஓட முடியாது. பல வாரங்களின் கணக்கு அவற்றிடம் இருக்கிறது. முழங்காலுக்குக் குறைந்த ஆழத்தில், நீர் சலசலக்கும் இடத்தில் வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ள கற்களைக் காலால் கிளறுங்கள். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். வாலில் இழைகள் நீண்ட மேஃப்ளை இளம்பூச்சியும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் புழுவும் பல வகையாக இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸும் மட்டுமே நெளிந்தால் கழிவு அழுகிக்கொண்டிருக்கிறது. இது நாட்டு வைத்தியம் அல்ல. பூச்சிக் குடும்பங்களுக்கு 10 வரை மதிப்பெண் போட்டு நீரை ஐந்து தரமாகப் பிரிக்கும் முறையை மத்திய வாரியமே வைத்திருக்கிறது.

சந்தேகப்படும் குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இரண்டும் ஒரே மாதிரிப் படுகை, ஒரே நாள். கீழே மட்டும் பார்த்து எழுதிய மனு நிற்காது. வெள்ளம் வந்த வாரத்தில் பார்க்காதீர்கள், பூச்சிகளை வெள்ளமே அடித்துப்போயிருக்கும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

இனி காகிதம். கழிவுநீர் என்றால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. ஓடைப் புறம்போக்கை ஆக்கிரமித்தாலோ மண் கொட்டினாலோ வட்டாட்சியருக்கு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இருவரும் கை கழுவுவார்கள். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, சர்வே எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். இடமும் நேரமும் பதிந்த படங்களைச் சேருங்கள்.

உங்கள் பாட்டில் நீதிமன்றத்தில் செல்லாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரிய அதிகாரி ஆலைக்காரருக்குத் தெரிவித்து, கழிவுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி எடுத்தால்தான் அது சாட்சியம். ஆகவே ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘21-ஆம் பிரிவுப்படி மாதிரி எடுக்கவும்’ என்று கேளுங்கள். ‘தண்ணியே ஓடாத பள்ளம்தானே’ என்று தட்டிக்கழித்தால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியும் அதில் ஓடைதான்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாதிரி எடுத்த தேதியையும் ஆய்வறிக்கை நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கெடு 30 நாள். தவறினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மறுபடியும் சொல்கிறேன், ஒப்புகைச் சீட்டு இல்லாவிட்டால் இதில் எதுவும் நகராது.

அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்குமேல் இல்லை. அதிகாரியின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. கழிவை முதலில் பார்த்த தேதியை இன்றைக்கே எழுதி வையுங்கள்.