வயிற்று வலி மருந்து
(இருட்டில் எழுந்த செபங்கள் – 5)

சென்ற வாரம் பார்த்த டீட்ரிச் போன்ஹோஃபர், பெர்லின் டேகல் சிறையில் உடனிருந்த கைதிகளுக்குச் செபம் எழுதிக் கொடுத்தவர். அது 1943 கிறிஸ்துமஸ். அவருக்குக் காகிதம் கிடைத்தது, பேனா கிடைத்தது, வார்த்தையும் வந்தது. இந்த வாரம் வருபவருக்கோ சில காலம் வார்த்தையே வராமல் போயிற்று.

1975 ஏப்ரல் 24 அன்று சைகோனின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார் ஃபிரான்சிஸ் சேவியர் நுவென் வான் துவான். ஆறே நாளில் நகரம் வடவியட்நாம் படைகளிடம் விழுந்தது. தெற்கின் முன்னாள் அதிபர் நோ தின் தியெம் அவருக்குத் தாய்மாமன். புது ஆட்சி அவரைச் சந்தேகப்பட வேறு காரணம் தேவையா? ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். மதியத்துக்கு மேல் சுதந்திர மாளிகைக்கு வரச் சொன்னார்கள். போனவர் வீடு திரும்பவில்லை. உடம்பில் அங்கி, சட்டைப்பையில் ஒரு ஜெபமாலை. அவ்வளவுதான் சொத்து. அன்றிரவே 450 கிலோமீட்டர் தாண்டி நா ட்ராங் பக்கம் கொண்டுபோனார்கள். எட்டு வருஷம் அவரே ஆயராக இருந்த ஊர். அப்போது அவருக்கு வயது 47.

அவசியமான சாமான்களைக் கேட்டு வீட்டாருக்குக் கடிதம் எழுத மட்டும் அனுமதி கிடைத்தது. துணி, பற்பசை என்று எழுதியவர், வயிற்று வலிக்குக் கொஞ்சம் ‘மருந்தாக’ திராட்சை ரசமும் வேண்டும் என்று சேர்த்தார். அவருடைய மக்களுக்குப் புரிந்துவிட்டது. வயிற்று வலி மருந்து என்று சீட்டு ஒட்டிய சின்னக் குப்பி வந்து சேர்ந்தது. ஈரம் படாமலிருக்க அப்பத்தை டார்ச் லைட்டுக்குள் ஒளித்து அனுப்பியிருந்தார்கள். வயிற்று வலியா என்று காவலர் விசாரித்தார். ஆமாம் என்றார் ஆயர். இந்தா உன் மருந்து என்று கொடுத்துவிட்டுப் போனார் காவலர்.

அதன்பின் உள்ளங்கையே பூசைக் கிண்ணம் ஆனது. மூன்று சொட்டு ரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். பிறகு வடக்கே கொண்டுபோய் அடைத்த மறுகல்வி முகாமில் ஐம்பது பேருக்கு ஒரே படுக்கை. ஆளுக்கு ஐம்பது சென்டிமீட்டர். கத்தோலிக்கர்களாகப் பார்த்து ஐந்து பேரைத் தன் பக்கத்தில் படுக்க ஏற்பாடு செய்துகொண்டார். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். குனிந்தபடி மனப்பாடமாகவே பூசையை முடித்து, கொசுவலைக்கு அடியில் கையை நீட்டி நற்கருணையைக் கொடுப்பார். சிகரெட் பெட்டித் தாளில் செய்த சிறு பொட்டலத்தில் அதை மடித்து ஆளுக்காள் பையில் வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை கேட்டால் வீரக் கதை மாதிரி இருக்கும். ஆனால் பதின்மூன்று வருஷச் சிறையில் ஒன்பது வருஷம் தனிமைச் சிறை. தொடக்கத்தில் அவரைப் போட்ட அறையில் ஜன்னல் கிடையாது. வெக்கையும் ஈரமுமாகப் பாயில் காளான் முளைத்தது. நாள்கணக்கில் விளக்கு எரியும். பிறகு நாள்கணக்கில் கும்மிருட்டு. மூச்சு முட்டும்போது தரையோடு தரையாகப் படுத்து, கதவுக்கு அடியிலிருந்த ஓட்டையில் முகத்தை வைத்துக் காற்று வாங்குவார். வெளியே நா ட்ராங்கில் அவருடைய பழைய பேராலய மணி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் அவர் எதையும் பூசி மெழுகவில்லை. நோயும் களைப்புமாக, ஒரு செபத்தைக்கூடச் சொல்லி முடிக்க இயலாத காலம் இருந்தது என்றே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பழைய கதை அவருக்குக் கைகொடுத்தது. தினமும் மதியம் கோவிலுக்குள் வந்து இரண்டே நிமிஷம் நின்றுவிட்டுப் போகும் ஜிம் என்ற கிழவர், தன் பேரைச் சொல்லி, வந்திருக்கிறேன் என்று இயேசுவிடம் தெரிவிப்பதோடு சரி. துவானும் அதையே செய்தார்: நான் ஃபிரான்சிஸ், இங்கேதான் இருக்கிறேன். சிறை உடைந்தது, சங்கிலி அறுந்தது என்று முடியும் சாட்சிகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். எனக்கு என்னவோ, இந்த ஒற்றை வரிதான் அவருடைய செபங்களிலேயே நம்பும்படி இருக்கிறது.

காவலர்கள் முதலில் ஆமாம், இல்லை தவிர வாய் திறக்கவில்லை. கைதியோடு நெருங்கிவிடக் கூடாதென்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினார்கள். அவரோ வருகிறவரிடமெல்லாம் தான் பார்த்த நாடுகளைப் பற்றிக் கதை சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தார். கடைசியில் மாற்றுவதையே நிறுத்தினார்கள். இப்படியே போனால் மொத்தப் போலீஸையும் கெடுத்துவிடுவார் என்ற பயம்.

ஒருநாள் மரத்துண்டில் சிலுவை செதுக்கிக்கொள்ள ஒரு காவலர் கண்டும் காணாமல் இருந்தார். சோப்புக் கட்டிக்குள் அதை ஒளித்து வைத்தார் துவான். வேறொரு சிறையில் மின்கம்பி கேட்டபோது காவலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தற்கொலைக்கோ என்று பயந்துவிட்டார். சிலுவைக்குச் சங்கிலி செய்யத்தான் என்று விளக்கியதும், சில நாள் கழித்து இரண்டு குறடோடு வந்தார். காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் இருவருமாகக் கம்பியை முறுக்கி முடித்தார்கள். பின்னால் பேராயராக அவர் மார்பில் அணிந்தது அந்தச் சிலுவையைத்தான்.

1988 நவம்பர் 21 அன்று உள்துறை அமைச்சர் அவரை வரவழைத்து, என்ன விருப்பம் என்று கேட்டார். விடுதலை என்றார் துவான். எப்போது? இன்றைக்கே. மூன்று போப்புகள் காலம், சோவியத்தில் பிரெஷ்னெவ் தொடங்கி கோர்பச்சேவ் வரை நான்கு பொதுச் செயலாளர்கள் காலம் உள்ளே இருந்தாயிற்று என்று காரணமும் சொன்னார். அமைச்சர் சிரித்துவிட்டார். அன்றே விடுவிக்கும்படி உத்தரவானது.

மூன்று வருஷத்தில் நாட்டை விட்டுப் போனவரைத் திரும்பி வர விடவில்லை. ரோமில்தான் இருந்தார். 2000ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் போப் இரண்டாம் ஜான் பாலுக்கும் வத்திக்கான் அதிகாரிகளுக்கும் தியானம் நடத்தியவர் அவர்தான். வயிற்று வலி மருந்தையும் ஜிம் கிழவரையும் அங்கேயும் விடாமல் சொன்னார்.

(தொடரும்)