சிறு காரில் இருவழி வானொலியும் ஆன்டெனாவும் பொருத்துதல்

இருவழி வானொலி என்பது ஒரே கருவியால் பேச்சை அனுப்பவும் பெறவும் உதவும் தொடர்புச் சாதனம் ஆகும். காவல்துறை வண்டிகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் நாம் காண்பது இதுவே. ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் இதைத் தங்கள் சொந்தக் காரிலும் பொருத்திக்கொள்வர். மாருதி 800, ஆல்ட்டோ போன்ற சிறு கார்களில், இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையில் இயங்கும் கருவியைப் பொருத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த வேலையில் கருவி வாங்குவதுதான் மிக எளிய பகுதி. விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டு, மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தும் ஆன்டெனாவைப் பம்பர் ஓரத்திலும் வைத்துக்கொண்டு "எதுவும் கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு. மின்கம்பியும் கூரைத் தகடும்தான் இங்கு பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கின்றன.

உரிமம்

இந்தியாவில் இக்கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு அதை வழங்குகிறது. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். பொது நிலை உரிமத்திற்கு வி.யு.2 என்றும், கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு வி.யு.3 என்றும் தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். வாகனத்தில் இயக்குவது பற்றித் தம் உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்த பிறகே காரில் கை வைக்க வேண்டும்.

மின்சாரம்

50 வாட் திறனுள்ள கருவி பேசும்போது 10 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதற்குப் போகும் கம்பியும் மெல்லியது. எனவே பேட்டரியிலிருந்து நேராகத் தனிக்கம்பி இழுப்பதே முறை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். பேட்டரியிலிருந்து இருக்கை வரை 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர், மொத்தம் 0.069 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 0.69 வோல்ட் கம்பியிலேயே வெப்பமாகப் போய்விடும். அதே தொலைவுக்கு 4 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 0.26 வோல்ட்தான். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். அந்நேரத்தில் இந்த வேறுபாட்டால் சில கருவிகள் பேசும்போதே அணைந்துவிடும். ஓம் விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது பயன்படும் இடம் இது.

நேர்முனைக் கம்பியின் பியூஸ் பேட்டரியை ஒட்டி, ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் வைத்தால், வழியில் கம்பி உரசித் தகட்டில் பட்டுத் தீப்பிடிக்கும்போது அது உதவாது. எதிர்முனைக் கம்பியை நேராகப் பேட்டரி முனைக்குக் கொண்டுபோனால் அதிலும் ஒரு பியூஸ் வேண்டும். எஞ்சினைப் பேட்டரியோடு இணைக்கும் பட்டை துருப்பிடித்து அறுந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெருமின்னோட்டம் வானொலியின் எதிர்முனைக் கம்பி வழியே திரும்ப முயலும். புதிய கார்களில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்ட உணரி இருந்தால், முனையில் இணைக்காமல், பேட்டரியின் எர்த் கம்பி பாடியோடு சேரும் போல்ட்டில் இணைக்க வேண்டும்.

எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில், கம்பிகள் நுழையும் ரப்பர் வளையம் ஏற்கெனவே இருக்கும். அதன் வழியே புதிய கம்பியையும் நுழைக்கலாம். தகட்டில் புதிதாகத் துளையிட்டால் அதற்கும் ரப்பர் வளையம் போடாமல் விடக்கூடாது.

ஆன்டெனா

145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 செ.மீ. நடைமுறையில் கம்பி இதைவிடச் சற்றுக் குறைவாக, 50 செ.மீ. அளவில் அமையும். கால் அலை ஆன்டெனா எனப்படும் இந்தக் கம்பி, ஆன்டெனாவின் ஒரு பாதி மட்டுமே. அதன் மறுபாதி அடியில் உள்ள உலோகத் தகடு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்திற்கு ஈடான மின்னோட்டம் தகட்டில் எல்லாப் பக்கமும் பரவி ஓடும். இதற்குக் கம்பியின் அடியிலிருந்து நாலாபுறமும் ஏறத்தாழ 50 செ.மீ. தகடு தேவை.

மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர். மேலே போகப் போகக் குறுகுவதால் கூரை இதைவிடச் சிறியது. அதன் நட்டநடுவில் கம்பியை நிறுத்தினால் பக்கத்திற்கு அரை மீட்டர் தகடு ஏறக்குறையக் கிடைத்துவிடும். சிறு காராயிற்றே என்று இந்த அலைப்பட்டையில் கவலைப்பட வேண்டியதில்லை. கூரையின் ஓரத்திலோ டிக்கியின் விளிம்பிலோ வைத்தால் தகடு அதிகமுள்ள திசையில் அலை கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் போகும். காரைத் திருப்பி நிறுத்தினால் மட்டும் எதிர்முனை கேட்கிறது என்ற புதிருக்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டில் ஐந்து பங்கு அலை ஆன்டெனா 1.3 மீட்டர் நீளம் வரும். சமவெளியில் சற்றுக் கூடுதல் தூரம் கிடைக்கும். ஆனால் தரையிலிருந்து அதன் உச்சி 2.7 மீட்டரைத் தாண்டிவிடும். புளியமரக் கிளைகளும் அடித்தள வாகன நிறுத்தங்களும் உள்ள ஊரில் கால் அலைக் கம்பியே நிம்மதி. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்களுக்குக் கால் அலை 10 மீட்டருக்கு மேல் என்பதால், சுருள் வைத்துக் குறுக்கிய ஆன்டெனாதான் காரில் சாத்தியம். அதன் திறன் மிகக் குறைவு.

துளையிட்டுப் பொருத்துவதே மின்னியல் முறையில் சிறந்தது. காரை விற்கும் எண்ணம் உள்ளவர்கள் காந்த அடித்தளத்தை நாடலாம். பெயின்ட் இடையில் இருந்தாலும் காந்தத் தட்டும் கூரைத் தகடும் ஒரு மின்தேக்கிபோல் இணைந்து வேலை செய்யும். மாதம் ஒருமுறை காந்தத்தைத் தூக்கி இரு பரப்பையும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழுதி பெயின்டைத் தேய்க்கும், மழைக்காலத்தில் அவ்விடத்தில் துருவளையம் தோன்றும். இழுத்து நகர்த்தக் கூடாது. காரில் ஏற்கெனவே உள்ள எஃப்.எம். ஆன்டெனா இவ்வேலைக்குப் பயன்படாது.

ஆன்டெனாவுக்குச் செல்லும் ஆர்.ஜி. 58 வகைக் கேபிள் 4 மீட்டரில் அனுப்பும் திறனில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை விழுங்கும். ஆகவே மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டிக்கொள்வது நல்லது. பின்கதவின் ரப்பர் வழியே நுழைப்பதானால், நுழையும் இடத்திற்கு முன் கேபிளைச் சற்றுத் தாழ வளைத்துவிட வேண்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

கருவிக்கு இடம்

சிறு காரில் இடம் தேடுவதே பெரிய வேலை. முகப்புப் பகுதி தனியே கழலும் கருவியானால், உடலை முன் இருக்கையின் அடியிலும் முகப்பை டாஷ்போர்டிலும் வைக்கலாம். இருக்கையின் அடியில் மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை கம்பிகள் இருந்தால் அவற்றைத் தொடக்கூடாது. காற்றுப்பை விரியும் பாதையில் முகப்போ மைக்கோ இருந்தால், மோதலின்போது அது பயணியின் முகத்தை நோக்கிப் பாயும். முன்பக்கக் கண்ணாடித் தூணுக்குள் கேபிள் நுழைப்பதையும், பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை உள்ள கார்களில் தவிர்க்க வேண்டும். சி.என்.ஜி. உருளை உள்ள டிக்கியில் கருவியையோ மின்கம்பியையோ வைக்கலாகாது.

சரிபார்த்தல்

நிலையலை விகிதம் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இடையில் இணைத்துப் பட்டையின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். விகிதம் 1.5 என்றால் 4 விழுக்காடு திறன் திரும்பி வருகிறது, 2 என்றால் 11 விழுக்காடு, 3 என்றால் 25 விழுக்காடு. 144-இல் குறைவாகவும் 146-இல் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம் அதிகம். ஒரு மி.மீ. வெட்டினால் ஏறத்தாழ 0.3 மெகாஹெர்ட்ஸ் நகரும் என்பதால் ஒவ்வொரு மி.மீ. ஆகவே வெட்ட வேண்டும். கதவுகளையும் பின்கதவையும் மூடிவிட்டு, பக்கத்தில் ஆள் நிற்காமல் அளந்தால்தான் எண் சரியாக வரும்.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, நின்ற நிலையிலேயே முழுத் திறனில் பேசிப் பார்க்க வேண்டும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, ஸ்டீயரிங் மாறுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அவ்வாறு நேர்ந்தால் கேபிளின் தடத்தை மாற்றும்வரை அக்காரை ஓட்டக் கூடாது. கேட்கும்போது இரைச்சல் வந்தால் முதலில் மலிவான கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே குற்றவாளி. எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் கீச்சொலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பேட்டரியிலிருந்து தனிக்கம்பி இழுத்தவர்களுக்கு இத்தொல்லை குறைவு.

ஓட்டும்போதும் புயலின்போதும்

கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தப்படி ஆபத்தாக ஓட்டுதலில் அடங்கும். வானொலி மைக்கும் கையில் பிடிப்பதுதான். காரை ஓரங்கட்டிவிட்டுப் பேசலாம், அல்லது பக்கத்தில் இருப்பவர் பேசலாம். பெட்ரோல் நிலையத்தில் பேசவே கூடாது.

இக்கருவியின் அருமை தெரிவது பேரிடர் நாட்களில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, போர்ட் பிளேரில் ஹாம் வானொலிப் பயணத்திற்காகச் சென்றிருந்த பாரதி பிரசாத் அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே சேர்த்தார். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஒருசேர விழுந்தன. அத்தகைய நாளில் கார், தனக்கான மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் நிலையம் ஆகிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேட்டரியில் எவ்வளவு நேரம் தாங்கும்? சிறு காரின் பேட்டரி பொதுவாக 35 ஆம்பியர் மணி. மீண்டும் எஞ்சினைக் கிளப்பப் பாதியை விட்டுவைத்தால் கையில் இருப்பது 17. கேட்பதற்கு அரை ஆம்பியர், பேசுவதற்கு 10 ஆம்பியர், நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் பேச்சு என்று கொண்டால் சராசரி 1.45 ஆம்பியர். அதாவது சுமார் 12 மணி நேரம். பேட்டரி பழையதானால் இதில் பாதியையே நம்ப வேண்டும். குறைந்த திறனில் பேசி 4 ஆம்பியருக்குள் இழுத்தால் 20 மணி நேரம் வரை நீளும். பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கியதும் எஞ்சினை அரைமணி நேரம் ஓட்டிக்கொள்ளலாம். அதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மழைக்குப் பயந்து மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளிருப்பவர் அறியாமலேயே உயிரைக் குடித்துவிடும்.