பட்டறையில் பேனாவுக்கு இடம் உண்டா?

தொழிற் கல்வி வேண்டுமென்று சொல்லாதார் இன்று நமது தேசத்தில் இல்லை. மேடைதோறும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வரவு செலவுத் திட்டம் தோறும் அதற்கென ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. 1950-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. இவற்றின் பயனாக, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பிட்டராகவும், டர்னராகவும், வெல்டராகவும், எலெக்ட்ரீஷியனாகவும் பயின்று வெளிவந்து, தமது குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றனர். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இந்தத் தொழிற் பயிற்சி நிலையங்களில் அரத்தைப் பிடிக்கவும், லேத்தை ஓட்டவும், வெல்டிங் கோலைக் கையாளவும் கற்பிக்கும் அளவுக்கு மற்றொரு கருவியைக் கையாளக் கற்பிப்பதில்லை என்பதே நமது குறை. அந்தக் கருவி பேனா.

‘கைத்தொழில் செய்கிறவனுக்கு எழுத்து எதற்கு? அவன் என்ன, காவியமா பாடப் போகிறான்?’ என்று சிலர் கேட்கக் கூடும். இக்கேள்வி புதியதன்று. மூளை வேலை ஒரு சாதியாருக்கு, கை வேலை மற்றொரு சாதியாருக்கு என்று வகுத்து வைத்த பழைய எண்ணமே இவ்வாறு வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது. இதற்கு விடையாக உபதேசம் செய்ய நாம் விரும்பவில்லை. நடந்த சம்பவங்களையே நேயர்கள் முன் வைக்கிறோம்.

ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ஆம் தேதி பகலில், அங்கே ஒரு பம்பைச் சேர்ந்த பாதுகாப்பு வால்வைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றி, குழாயின் வாயை ஒரு தகட்டினால் மூடி வைத்திருந்தார்கள். வேலை அன்று முடியவில்லை. இரவு சுமார் 9-45 மணிக்கு ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு நின்றுபோயிற்று. இரவு ஷிப்ட்டைச் சேர்ந்தவர்கள் முதற் பம்பை ஓட்ட முற்பட்டனர். அதில் வால்வு இல்லை என்ற செய்தி அவர்களை எட்டவேயில்லை. தகட்டின் ஓரமாக வாயு கசிந்தது. 10 மணியளவில் மேடை வெடித்துத் தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். லார்டு கல்லன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990 நவம்பரில் 106 சிபாரிசுகளுடன் வெளிவந்தது. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. ஆயினும், வேலை அனுமதிச் சீட்டு முறையிலும், ஒரு ஷிப்ட்டார் மற்றொரு ஷிப்ட்டாருக்குச் செய்தி ஒப்படைக்கும் முறையிலும் இருந்த சீர்கேடு அவற்றுள் முக்கியமானது.

2005-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் நகர எண்ணெய் சுத்திகரிப்புச் சாலையில் 15 பேர் இறந்தனர். 180 பேர் காயமடைந்தனர். முந்திய இரவில் ஒரு கோபுரத்தில் எண்ணெயை நிரப்பத் தொடங்கியவர்கள், எவ்வளவு நிரப்பினோம், எந்தக் குழாய்களில் எண்ணெய் நிற்கிறது என்பதைத் தெளிவாக எழுதி வைக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது ஒரே வரி. காலையில் வந்தவர் அந்த வரியைப் படித்தார். படித்தும் நிலைமை அவருக்கு விளங்கவில்லை. கோபுரம் அளவு மீறி நிரம்பி எண்ணெய் வழிந்தது. அதன் ஆவி தீப்பற்றி வெடித்தது.

இவ்விரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் வேலை தெரியாதவர்களல்லர். அவர்களது கைகளுக்குத் திறமை இருந்தது. ஒருவர் அறிந்ததை மற்றொருவர் அறியும்படி செய்யும் கருவியே பழுதுபட்டிருந்தது. தொழிற்சாலையில் எழுத்து என்பது அலங்காரமன்று. அதுவும் ஒரு பாதுகாப்பு வால்வு என்பதை இதினின்றும் உணரலாம்.

இனி நமது நிலையங்களைப் பார்ப்போம். தொழிற் பயிற்சி நிலையங்களின் அறிமுறைப் பரீட்சை இப்பொழுது கணினித் திரையில் நடக்கிறது. கேள்விக்குக் கீழே தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். திருத்துவது எளிது, பாரபட்சத்துக்கு இடமில்லை, இவை அம்முறையின் நன்மைகள். ஆனால் ஒரு வாக்கியமும் எழுதாமலே ஒருவன் அதில் தேறிவிடலாம். பரீட்சையில் கேளாததை மாணவன் பயிலமாட்டான். மாணவன் பயிலாததை உபாத்தியாயர் வற்புறுத்தமாட்டார். எழுத்து வேலை என்று எஞ்சி நிற்பது ரெக்கார்டு நோட்டு ஒன்றே. அதன் கதையை நேயர்களில் பலர் அனுபவத்தில் அறிவார்கள். முந்திய வருஷத்து மாணவன் எழுதியதை இந்த வருஷத்து மாணவன் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுகிறான். அதில் இருந்த பிழையும் அப்படியே புது நோட்டுக்குக் குடியேறுகிறது. உபாத்தியாயர் கையொப்பமிடுகிறார். கையெழுத்துப் பழக்கத்துக்கு இது உதவலாம். எழுத்துப் பயிற்சி ஆகாது.

இதன் விளைவு தொழிற்சாலையில் தெரிகிறது. ‘மோட்டார் பழுது. சரி செய்யப்பட்டது’ என்று பதிவேட்டில் ஒருவன் எழுதுகிறான். எந்த மோட்டார்? என்ன பழுது? எப்பொழுது? என்ன செய்தாய்? இன்னும் என்ன பாக்கி? இவற்றுள் ஒன்றுக்கும் அவ்வாக்கியத்தில் விடையில்லை. அதையே பயிற்சி பெற்ற ஒருவன் பின்வருமாறு எழுதுவான்:

‘காலை 10-20 மணிக்கு 3-ஆம் எண் மோட்டார் நின்றது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டோம். பேரிங் கை வைக்க முடியாத சூடு. கழற்றிப் பார்த்ததில் கிரீஸ் வறண்டிருந்தது. புதுப் பேரிங் போட்டு 12 மணிக்கு ஓட்டினோம். அரை மணி நேரம் ஓடியும் சூடு ஏறவில்லை. விசிறி மூடிக்கு ஒரு திருகு கிடைக்கவில்லை. மூன்று திருகுகளே போட்டிருக்கிறது. மாலை ஷிப்ட்டார் மணிக்கு ஒரு தடவை சூடு பார்க்கவும்.’

இதில் இலக்கிய நயம் இல்லை. கடினமான ஒரு சொல்லும் இல்லை. எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, பாக்கி வேலை இருக்கிறது. மாலையில் வருகிறவனுடைய விரல்களை இந்த ஒன்பது வாக்கியங்கள் காப்பாற்றும். இத்தகைய எழுத்தையே நாம் கேட்கிறோம்.

இதைக் கற்பிப்பதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். புது இலாகாவும் வேண்டாம். பட்டறை நேரத்தின் கடைசிப் பதினைந்து நிமிஷத்தை ஒதுக்கினால் போதும். அன்று செய்த வேலையை மாணவன் தன் சொந்த வார்த்தைகளில் எழுதட்டும். எந்த வரிசையில் செய்தான், எங்கே தவறிற்று, அதை எப்படிக் கண்டுபிடித்தான், மறு நாள் வருகிறவன் எதைக் கவனிக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதுமானது. வாரத்துக்கு ஒரு நாள், ஒருவன் எழுதியதை மற்றொருவன் கையில் கொடுத்து, அதில் கண்டபடியே வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவன் வாய் திறக்கக் கூடாது. செய்கிறவன் எந்த இடத்தில் திகைத்து நிற்கிறானோ, அந்த இடத்தில் எழுத்து குறையுடையது. இதைவிட நேர்மையான பரீட்சகர் வேறில்லை. பத்துத் தடவை சிவப்பு மையால் திருத்தினாலும் உண்டாகாத அறிவு, தோழன் ஒருவன் தன் முன்னே திகைத்து நிற்பதைக் காணும்போது மாணவனுக்கு உண்டாகும்.

இதைப் படித்துப் பார்ப்பவர் பட்டறை உபாத்தியாயராகவே இருக்க வேண்டும். மொழி உபாத்தியாயர் ஒற்றுப் பிழையைக் காண்பார். பேரிங்கின் சூட்டை எழுத மறந்ததைக் காணமாட்டார். பட்டறை உபாத்தியாயர்களோ, ‘நாங்கள் பண்டிதர்கள் அல்லவே’ என்று தயங்கக் கூடும். தயக்கம் வேண்டாம். அளவு சரியா, வரிசை சரியா, ஏதேனும் விடுபட்டதா என்பவற்றை மட்டும் அவர்கள் பார்க்கட்டும். ஒரே நாளில் எல்லாப் பிழைகளையும் திருத்தி மாணவனை மிரட்டுவதைக் காட்டிலும், நாளுக்கு ஒரு பிழை என்று திருத்துவது மேல். செய்முறைப் பரீட்சையில் இத்தகைய அறிக்கை ஒன்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று விதித்துவிட்டால், மற்றவை தாமே நடக்கும்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி எழும். தமிழில் தொடங்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். 1916-ஆம் வருஷத்திலேயே சேலத்தில் ராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டனர். 2010-இல் அண்ணா பல்கலைக் கழகம் சிவில், மெக்கானிக்கல் என்ற இரண்டு படிப்புக்களைத் தமிழிலும் தொடங்கிற்று. அகராதியும் பாட புஸ்தகமும் வந்தால் மட்டும் ஒரு மொழி தொழில் மொழியாகிவிடாது. பட்டறையில் நின்று வேலை செய்கிறவன் அதில் எழுதினால்தான் ஆகும். ஸ்பேனர், கேஜ், பேரிங் என்று வழங்கும் சொற்களை அவ்வாறே எழுதட்டும். அதனால் தமிழ் கெட்டுவிடாது. ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லத் தன் தாய்மொழியிலேயே பழகாதவன், அயல் மொழியில் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பானேயன்றிச் சுயமாக எழுதமாட்டான்.

‘இப்பொழுது யந்திரமே எழுதித் தருகிறதே, செல்பேசியில் வாயால் சொன்னால் எழுத்தாகி வந்துவிடுகிறதே, இனி எழுதப் பழகுவது வீண் வேலையல்லவா?’ என்பது மற்றொரு வாதம். யந்திரம் வாக்கியத்தை அமைத்துத் தரலாம். மூன்றே திருகுகள் போட்ட விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? பார்த்ததில் எது முக்கியம், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பதே எழுத்து வேலையின் பெரும் பகுதி. அந்தத் தீர்மானம் செய்யப் பழகாதவனுக்கு யந்திரம் அழகாக எழுதித் தரும். அழகான அந்த அறிக்கையில் திருகு விட்டுப் போயிருக்கும்.

எழுத்துப் பயிற்சியால் தொழிலாளி எவ்வளவு உயரக் கூடும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடேயின் சரித்திரம் சான்று. கொல்லர் ஒருவரின் மகனான அவர், 1805-இல் தமது பதினான்காம் வயதில் புஸ்தகம் கட்டும் தொழிலுக்கு அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து, விரித்து எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு வருஷம் அவருக்கு ராயல் இன்ஸ்டிடியூஷன் சோதனைச் சாலையில் உத்தியோகம் கிடைத்தது. பின்னர் அவர் எழுதி வந்த சோதனைக் குறிப்புக்களில், எண்ணிட்ட பத்திகள் மட்டும் 16,000-க்கு மேற்பட்டன. மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வழி காட்டிய அந்த மேதை, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். எழுதும் பழக்கத்தையோ அவர் கடைசி வரை விடவில்லை.

நமது நாட்டில் காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை மையமாக வைத்துத் தாய்மொழியில் கல்வி புகட்ட வேண்டுமென்ற கொள்கையை முன் வைத்தார். ஒரு தொழிலின் ஒவ்வொரு செய்கைக்கும் காரணம் தெரிந்து செய்ய வேண்டும் என்பது அதன் உயிர். காரணம் தெரிந்ததா என்று அறிவதற்கு, அதை எழுதிக் காட்டச் சொல்வதைவிட நல்ல வழி எது?

அரசியலில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் தொழிலாளரின் குறைகளை உலகுக்கு எடுத்துரைத்தனர். அன்று பிறர் பேசவும் எழுதவும் வேண்டியிருந்தது. அவர்களது தொண்டை நாம் என்றும் மறவோம். ஆனால் இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் தொழிலாளிக்காகப் பிறரே எழுத வேண்டியிருந்தால், அது நமக்குப் பெருமையாகாது. ஒரு விபத்து நேர்ந்தால், விசாரணைக்கு வருகிற அதிகாரி வாக்குமூலம் கேட்பார். எழுதத் தெரியாத தொழிலாளியின் வாக்குமூலத்தை மேஸ்திரி எழுதுவார், தொழிலாளி கையொப்பமிடுவார். குற்றம் யார் மேல் விழும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? யந்திரம் சரியில்லை என்று ஒரு மாதத்துக்கு முன்பே தேதியிட்டுத் தன் கையால் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்திருப்பவனின் நிலை வேறு. அந்தக் கடிதத்தை மேலோர் அலட்சியம் செய்யலாம்; அதனை அழிக்க முடியாது. கூலிக் கணக்கு, லீவு, நஷ்டஈடு எல்லாவற்றுக்கும் இதுவே நியாயம்.

வாக்குரிமை பெற்ற பிரஜை தன் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. தான் செய்ததையும், தான் கண்டதையும், தனக்கு வேண்டியதையும் பிறர் மறுக்க முடியாதபடி எழுதத் தெரிந்தவனே முழுப் பிரஜை. சர்க்கார் பரீட்சை விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். உபாத்தியாயர்கள் பதினைந்து நிமிஷம் ஒதுக்கட்டும். சங்கங்களில் உழைக்கும் நண்பர்கள், மாலை வேளைகளில் இளைஞர் நால்வரைக் கூட்டி, அன்றைய வேலையை எழுதிப் படிக்கச் செய்யட்டும். நமது பட்டறைகளில் சுத்தியும் அரமும் தொங்கும் ஆணிகளுக்குப் பக்கத்தில் பேனாவுக்கும் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதை இந்த வருஷமே அடிக்கலாம்.