சுத்திசெய்த நீரைக் கண்மாயில் நிறுத்துதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசங்களில் கோடைதோறும் இறவைக் கிணறுகள் வற்றுவதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். கர்நாடகத்துக் கோலார் ஜில்லாவும் பாறை நிலமாய், வானம் பார்த்த பூமியாய் உள்ளதே. அங்கே 2018-ஆம் வருஷம் முதல் பெங்களூர் நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திசெய்து, குழாய் வழியே கொணர்ந்து ஏரிகளை நிரப்பி வருகின்றனர். ஏரி நீரை நேரே வயலுக்குப் பாய்ச்சலாகாது. நிலத்தில் ஊறிக் கிணற்றில் சுரப்பதையே இறைத்துக்கொள்ளவேண்டுமென்பது ஏற்பாடு. கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்துள்ளது. ஆயினும் சுத்திகரிப்பு இரண்டாம் படியோடு நின்றுவிடுவதால், மூன்றாம் படியும் வேண்டுமென்று அவ்வூர் விவசாயிகள் கேட்டு வருகின்றனர்; அது நியாயமே.

இத்தகைய நீர் கிடைக்குமானால் கிணற்றிலேயே விட்டுவிடலாமே என்று நம்மவரில் சிலர் வினவுகின்றனர். கூடவே கூடாது. பாறை வெடிப்புகளில் ஓடும் நீர் வடிகட்டப்படுவதில்லை. நோய்க்கிருமிகள் பக்கத்துக் குடிநீர்க் கிணற்றுக்கே போய்ச் சேரும். மேல்மண்ணில் மெல்ல இறங்கும் நீரே ஒருவாறு தெளியும். அதிலும் கரிசல் மண் நனைந்தவுடன் உப்பி இறுகி, நீரைக் கீழே இறங்கவிடாது. அத்தகைய கண்மாயில் விட்ட நீரில் பெரும்பகுதி வெயிலுக்கே இரையாகும். ஆகையால் அடியில் செவலோ சரளையோ உள்ள கண்மாயைத் தெரிந்தெடுத்து, வண்டலை அகற்றிய பின்னரே நிரப்பவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் குறித்து, நீரின் உப்பையும் பரீட்சிக்கச் செய்தல் அவசியம்.