தட்டினால் பிஸ்கட்
விருத்தாசலம் பீங்கான் சூளையை மூட்டிவிட்டால் பக்கத்தில் ஆள் இருந்தே ஆகவேண்டும். செல்போனிலோ ஆளில்லாமலே ‘வேலை’ நடக்கும் விளையாட்டுகள் வந்துவிட்டன.

2010-இல் அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட், ஃபேஸ்புக் பண்ணை விளையாட்டுகளைக் கிண்டலடிக்க, இவற்றுக்கு ஒரு முன்னோடியான ‘கவ் கிளிக்கர்’ விளையாட்டை உருவாக்கினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாட்டைத் தட்டலாம், அவ்வளவுதான். அதையும் ஆயிரக்கணக்கானோர் விரும்பி ஆடினார்கள். 2011-இல் மாடுகளை அவர் மறைத்துவிட்டார். வெற்றிடத்தையும் சிலர் விடாமல் தட்டினார்கள்!

2013 ஆகஸ்டில் பிரான்ஸின் ஜூலியன் தியனோ ஒரே இரவில் எழுதியது ‘குக்கி கிளிக்கர்’. தட்டினால் ஒரு பிஸ்கட். சேர்த்த பிஸ்கட்டைக் கொடுத்துப் பாட்டியை அமர்த்தினால், அவர் சுட்டுக்கொண்டே இருப்பார். அடுத்த பாட்டிக்கு விலை 15 சதவீதம் கூடுதல். எட்டும்போதே இலக்கு நகர்ந்துவிடும், சூட்சுமம் அங்கேதான்.

2014-இன் ‘அட்வெஞ்சர் கேப்பிடலிஸ்ட்’ தூங்கும் நேரத்துக்கும் லாபம் சேர்த்தது. விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு.